அப்பாவின் இலையில் குப்பைக்கீரை

பினாங்கில் நான் தரையைப் பார்த்துக் குனிந்தால் போதும், யாராவது உதவிக்கு ஓடிவந்துவிடுகிறார்கள். ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்துக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவே ஒரு மண் திட்டு இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் அங்கே குத்துக்காலிட்டுக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் பதறிக்கொண்டு வந்தார். "சாரி அப்பா? சாரி அப்பா?" என்றார். இந்த மனிதர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் எப்படி இவருக்கு அப்பா ஆனேன் என்று ஒன்றும் விளங்கவில்லை. "பரவாயில்லைங்க" என்றேன். அவர் விடவில்லை. தானும் உட்கார்ந்து புல்லை விலக்கி விலக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். மலாயில் 'சாரி' என்றால் 'தேடுவது', 'அப்பா' என்றால் 'என்ன' என்று அர்த்தமாம். என்ன தேடுகிறாய் என்று கேட்டிருக்கிறார் மனிதர். என் தோடு தொலைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் தோடு, சாவி, தாலிச் சங்கிலி என்று ஜனங்கள் கணக்கில் நான் தொலைக்காத சாமான் இல்லை. அந்தத் திட்டில் சாப்பாடு முளைத்துக் கிடக்கிறது என்று மட்டும் இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றமாட்டேன் என்கிறது.

நான் சாத்தூர்ப் பக்கம். கரிசல் காடு. ஐப்பசி மழை விழுந்த பத்தாம் நாள் தரையெல்லாம் கீரைதான்: குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணத்தி. யாரும் விதைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றினதில்லை. பருத்திக்குக் களை எடுக்கப் போகிறவள் மடியில் கட்டிக்கொண்டு வருகிற கீரை அவளுக்கு. காட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. பருத்தியில் கைவைத்தால் வெட்டுக்குத்து நடக்கும், கீரைக்கு வேலி கிடையாது. வேரோடு பிடுங்கினால் அம்மா கையிலேயே ஒன்று போடுவாள், கிள்ளத்தான் வேண்டும், நாளைக்கு வருகிறவளுக்கும் வேண்டும் அல்லவா. முதல் மழைக் கீரையை ஒரு வீடு மட்டும் தனியாகத் தின்னக் கூடாது, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போயே ஆகவேண்டும். இதையெல்லாம் சொல்வதால் நான் ஊர் நினைப்பில் உருகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பேர் 'கீரைக்கட்டு'. கார்த்திகை முழுக்கச் சோற்றுக்கும் கீரை, கூழுக்கும் கீரை. காசு கொடுத்து வெண்டைக்காய் வாங்குகிற வீட்டில் வாக்கப்பட வேண்டும் என்று நான் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள், கடல் தாண்டிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் குப்பை என்றால் எரு. மாட்டுச்சாணமும் சாம்பலும் கூளமும் ஒரு வருஷம் மக்கினது. சித்திரையில் 'குப்பை அடிக்கப் போயிருக்கார்' என்றால் அந்த வீட்டு ஆள் வண்டியில் எரு ஏற்றி வயலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். பெரிய குப்பைமேடு இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுப்பார்கள். அந்த மேட்டில் தானாகக் கொழுத்து வளர்கிற கீரை என்பதால் அதற்குக் குப்பைக்கீரை என்று பேர். பினாங்கில் குப்பை என்றால் காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போவது, வேறு பொருளே கிடையாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் என் வாய்க்கு அது ஏறவில்லை, அங்கேதான் எல்லாம் கெட்டது.

என் மாமனாரும் மாமியாரும் கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் இருந்தார்கள். மாமனாரை நான் அப்பா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான மறுநாளே, "மாமான்னா எவனோ மாதிரி இருக்கு, அப்பான்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். என் சொந்த அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டதால் அந்தச் சொல் என் வாயில் பழகாமலே கிடந்தது. இவருக்குத்தான் முதலில் பழகினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு இடது கால் விளங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வரச் சொன்னார்கள். அதற்காக மூன்று மாதம் எங்களோடு தீவில் வந்து தங்கினார். சாப்பாடு இறங்கவில்லை. கோழி வேண்டாம், மீன் வேண்டாம், எதை வைத்தாலும் ஒதுக்கினார். ஒருநாள் எனக்கென்று பின்னால் கிள்ளிவந்து மசித்த குப்பைக்கீரையை, வேறு ஒன்றும் இல்லாததால், அவர் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தேன். வாயில் போட்டவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சோறு முழுவதையும் அதிலேயே பிசைந்து தின்றார். "இத எங்க புடிச்சம்மா?" என்றார். ஜன்னல் வழியாகத் திட்டைக் காட்டினேன். "அத்தகிட்ட சொல்லிராத லா. லோங்காங் ஓரம் பறிச்சதுன்னு தெரிஞ்சா நாளைக்கே என்னை அக்கரைக்கு இழுத்துக்கிட்டுப் போயிருவா" என்றார். இங்கே சாக்கடையை லோங்காங் என்பார்கள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார்கள். அதற்கப்புறம் வாரத்தில் நாலு நாள் எங்கள் இருவருக்கும் அதுதான். பேர் சொல்ல மாட்டார். "அன்னிக்கு செஞ்சியே, அது" என்பார். அக்கரைக்குத் திரும்புகிற அன்றைக்கு, செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் செத்தா படையல்ல நீ இத வெக்கணும், மறந்துறாத" என்றார். "என்னப்பா பேச்சு இது" என்று கடிந்துகொண்டேன். "வெப்பியா, மாட்டியா?" என்றார். "வெக்கிறேன்பா" என்றேன். ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

வருஷப் படையலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, யார் என்ன சமைப்பது என்று பேச பாகான் டாலாமுக்குப் போயிருந்தோம். கோழி வறுவல், இறால், மீன் குழம்பு, அவர் குடிக்கிற ஸ்டவுட் ஒரு பாட்டில் என்று மாமியார் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அத்தே, அப்பா இலையில குப்பைக்கீரை வெக்கணும், நான் மசிச்சுக் கொண்டாறேன்" என்றேன்.

"என்னா கீரை?"

"குப்பைக்கீரை அத்தே."

மாமியார் முகம் இறுகிப்போனது. "அந்த மனுஷன் நாப்பது வருஷம் மூட்டை தூக்கி இந்த வீட்டைக் கட்டினாரு. அவரு எலையில நீ குப்பை வெப்பியா? உங்க ஊர்ல அப்படித்தான் வெப்பாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அது அப்பா கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையிடம் சொல்லாதே என்று அவர் சொன்னது குறுக்கே நின்றது. அதனால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, "எங்க ஊரைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லக் கூடாததைச் சொன்னேன். வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். வாய்பட்டால் கேட்க வேண்டுமா. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு மாதம் ஓடியது. வீட்டுக்காரரிடம் புலம்பினால், "ஒரு கீரைக்குப் போயி ஏன் லா சண்டை போடுறீங்க, விடு லா" என்பார். தன் இலையில் என்ன வேண்டும் என்று அப்பா சொன்னதை நான் ஒருத்திதான் அறிவேன், அதை யாரிடமும் சொல்லவும் முடியாது என்றால் எப்படி விடுவது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். குப்பை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. மசித்து ஒரு டப்பாவில் கொண்டுபோய், 'கீரை' என்று மட்டும் சொல்லி இலையில் வைத்துவிடுவது. அன்றிலிருந்து திட்டில் நான் கிள்ளவே இல்லை. படையல் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் தளதளவென்று வரட்டும் என்று தினமும் துணி காயப்போடும்போது மேலிருந்து பார்த்துக்கொள்வேன். பொம்பளைப் பிள்ளையை வளர்க்கிற மாதிரி பொத்திப் பொத்தி வளர்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளிவரக் கூடையோடு இறங்கினால், திட்டில் ஒரு பங்களாதேஷ்காரத் தம்பி முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு குழாயால் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருக்கிறார். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஓடினேன். மலாயில் ஒரு சொல்லும் வரவில்லை. இது சாப்பிடுகிற பொருள், சாப்பிடுகிற பொருள் என்று சொல்ல நினைத்து, "மாக்கான்! மாக்கான்!" என்று கத்தினேன். அந்தத் தம்பி குழாயைத் தாழ்த்தி, முகமூடியை இறக்கி, வாய் நிறையச் சிரித்தார். "சுடா மாக்கான், காக். தெரிமா காசே" என்றார். சாப்பிட்டாச்சு அக்கா, நன்றி என்று அர்த்தம். சாப்பிட்டாயா என்று நான் அன்பாக விசாரித்ததாக நினைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு திட்டவும் முடியவில்லை. அவர் முகமூடியை ஏற்றிக்கொண்டு மீதியையும் நனைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து ஊரில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "இங்க மட்டும் என்ன வாழுதாம்? எல்லாக் காட்டுலயும் மருந்துதான். களை எடுக்க ஆளு ஏது? நான் கீரை வாங்குறதே மினி பஸ் ஸ்டாப்புல, கட்டா" என்றாள். எரிச்சல் இரண்டு மடங்கானது. எதை வைத்து நான் இந்த ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேனோ, அது அங்கேயும் இல்லை என்றால் நான் யாரைத் திட்டுவது? வேறு இடத்தில் தேடலாம் என்றார் வீட்டுக்காரர். அக்கரையில் செபராங் ஜெயா சாலையோரம் எங்கே பார்த்தாலும் முளைத்துக் கிடக்கிறது, எனக்கே தெரியும். ஆனால் அதன்மேல் நேற்று யார் என்ன அடித்தார்கள் என்று தெரியாதே. ஊரில் இது கந்தசாமி காடு, இது சின்னம்மா புஞ்சை என்று தெரியும், கேட்டுக்கொண்டு கிள்ளலாம். இங்கே செடியை எனக்கு அடையாளம் தெரிகிறது, அது நிற்கிற மண் யாருடையது என்று தெரியவில்லை. செத்தவர் இலையில் வைத்ததை உயிரோடு இருக்கிற பத்துப் பேர் பங்கு போட்டுத் தின்ன வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் பசாரில் நின்றேன். நம் தமிழ்க் கடைக்காரரிடம் கேட்டேன், "அண்ணே, குப்பைக்கீரை இருக்கா?" அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யக்கா, காலங்காத்தால கடையில வந்து குப்பைங்கிறீங்க. நம்ம சாமான் எல்லாம் இன்னிக்கு வந்தது லா" என்றார். நாலு கடை தள்ளி ஒரு மலாய்க்கார அம்மா கூடையில் வல்லாரை, இளங்கொழுந்து, இன்னும் பேர் தெரியாத தழையெல்லாம் பரப்பி வைத்திருந்தார். அவர்கள் அதைப் பச்சையாகவே சம்பலில் தொட்டுத் தின்பார்கள். அப்பாடா, தழையை மதிக்கிற ஒரு ஜனம் இருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. கீரைக்கு சாயோர், குப்பைக்கு சம்பா, ஒட்டவைத்து, "மக்சிக், சாயோர் சம்பா அடா?" என்று கேட்டேன், அம்மா, குப்பைக்கீரை இருக்கிறதா என்று. சம்பா எங்களுக்கு நெல், இவர்களுக்குக் குப்பை, அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த பொறுமையோடு, பசார் ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டியைக் கைகாட்டினார். அழுகின காய்கறி பொறுக்க வந்தவள் என்று நினைத்திருக்கிறார். பாவம் பார்த்து ஒரு பிடி வல்லாரையும் சும்மா கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நிற்கும்போது எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

படகுக்கு நேரமாகிவிட்டது. தமிழ்க் கடைக்கே திரும்பிப் போய் இரண்டு கட்டு பாயாம் வாங்கினேன். பசாரில் விற்கிற பண்ணையில் வளர்த்த கீரை, குப்பைக்கீரைக்குப் பெரியப்பா பெண் மாதிரி. பெரிய இலை, தண்டில் தண்ணீர், வேகவைத்தால் குழைந்துபோகும். வீட்டுக்கு ஓடி, அதே பூண்டு, அதே மிளகாய் போட்டு மசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரியில் உட்கார்ந்திருந்தபோது, ஊரில் பத்து விதக் கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்கிற நான், கடைசியில் ஏமாற்றுக்காரி ஆகிவிட்டேனே என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் எல்லாம் வைத்து, ஓரத்தில் என் மசியலையும் வைத்தேன். "கீரை" என்றேன். மாமியார் பார்த்தார். சூடம் காட்டிவிட்டு, அப்பா வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றோம். மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, நான், அப்பா உள்ளே இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, 'இது அது இல்லையேம்மா' என்று நிமிர்ந்து பார்ப்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டித் திறந்தபோது இலை அப்படியேதான் இருந்தது.

அந்த இலைச் சோற்றை வழக்கம்போல ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்தார்கள். மாமியார் கீரையைத் தொட்டு வாயில் வைத்தார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"இது பசார் கீரை" என்றார்.

"கீரைதான அத்தே."

"ஏன் பொய் சொல்ற? மூணு மாசம் உன் வீட்டுல இருந்துட்டு வந்து அந்த மனுஷன் வாய் ஓயாம அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. மருமவ கையால லயத்துக்கீரை தின்னேன், லயத்துக்கீரை தின்னேன்னு. இன்னிக்கு நீ அதத்தான் ஆக்கிக் கொண்டாருவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீ என்னான்னா பாயாம் வாங்கிக் கொண்டாந்திருக்க."

அத்தையிடம் சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு மனிதர் தானே போய் உளறியிருக்கிறார்! "லயத்துக்கீரைன்னா எது அத்தே?" என்றேன்.

"நாங்க தோட்டத்துல வேலைக்கு இருந்தப்ப லயத்துக்குப் பின்னால மொளைக்கும்ல, வரிசை வீட்டுக்குப் பின்னால, லோங்காங் ஓரமா. சின்ன எலை. நுனியில எலி கடிச்சாப்புல ஒரு வெட்டு இருக்கும். சம்பளத்துக்கு முந்தின வாரம் எல்லா வீட்டுலயும் அதான். ஒரு வீட்டுல ஆக்கினா பத்து வீட்டுக்கும் போவும்."

"அத்தே, அதுதான் குப்பைக்கீரை!"

மாமியார் கை இலையிலேயே நின்றது. "அதுவா? அதுக்கு ஏன் அப்பிடி அசிங்கமா பேரு வெச்சீங்க?"

"எங்க ஊர்ல குப்பைன்னா எரு அத்தே."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா வாயில கொழுக்கட்டையா?" என்று கத்தினார். கத்தினவர் அப்படியே தளர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தார். "சொந்தக்காரங்க வராங்களேன்னு நேத்துதான் பின்னால பூரா கூட்டிப் பிடுங்கிப் போட்டேன். இத்தினி கெடந்துச்சு. நீதான் அக்கரையிலேருந்து ஆஞ்சுக்கிட்டு வருவியே, அவரு கேட்டது உன் கை ருசிதானேன்னு பிடுங்கிப்புட்டேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதை கேட்டிருக்கிறேன். இங்கே வெண்ணெயை அவர் வைத்திருந்தார், நான் அலைந்தேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ஒரே செடிக்கு அவருக்கு ஒரு தமிழ், எனக்கு ஒரு தமிழ். மலாய் தெரியாமல் நான் பட்ட அசிங்கத்தையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், தமிழ் தெரிந்து பட்ட இதை எப்படிப் பொறுப்பது? சாப்பிடாமல் எழுந்து பின்பக்கம் போனேன். சாக்கடை ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. குப்பைக்கீரையேதான். மருந்து படாத, கொழுத்த கீரை. வேரோடு பிடுங்கி, வேரில் மண் காய்ந்து, ஒரு பகல் வெயிலில் துவண்டுபோயிருந்தது. எங்கள் ஊர்க் குப்பைமேட்டில்கூட இப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்து புரட்டினேன். அடியில் இருந்த நாலைந்து தண்டில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அதைக் கிள்ளி இனி யார் இலையில் வைப்பது? படையல் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம்வரை அவர் காத்திருக்க வேண்டும். மாமியார் கைகழுவாமலே வந்து பின்வாசலில் நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எட்டிப் பார்த்தார். நான் குனிந்திருக்கிறேன் அல்லவா, வழக்கம்போலக் கேட்டார்.

"சாரி அப்பா?"

ஒன்பது வருஷத்தில் இந்தக் கேள்விக்கு மலாயில் பதில் சொல்லக் கற்றிருக்கிறேன். அன்றைக்கு அது வரவில்லை. வாடின தண்டைக் கையில் பிடித்தபடி, அந்த அம்மா கேட்டதையே நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"சாரி, அப்பா."